மூன்று நாள் திருமணப் பயிற்சி: பில்லிங்ஸ் வகுப்புக்கு முழு மதிப்பெண், சட்ட வகுப்புக்குப் பாதி

தென் தமிழகத்துக் கத்தோலிக்க மறைமாவட்டம் ஒன்று நடத்தும் திருமண முன்தயாரிப்புப் பயிற்சி இது. வெள்ளி மாலை தொடங்கி, ஞாயிறு திருப்பலிக்குப் பின் சான்றிதழோடு முடிகிறது. அந்தச் சான்றிதழ் கையில் இல்லாமல் பங்குத்தந்தை ஓலை வாசிக்க (கோயிலில் திருமண அறிவிப்பைப் படிக்க) மாட்டார் என்பதால் யாரும் நழுவ முடியாது. சாப்பாடு, தங்குமிடம் இரண்டும் பரவாயில்லை. குடும்ப வரவு செலவு, மாமியார் மருமகள் உறவு பற்றிய வகுப்புகளை யூடியூபிலேயே கேட்டுக்கொள்ளலாம். வேறெங்கும் எளிதில் கிடைக்காதவை குழந்தைப்பேறு, குழந்தையின்மை, எது செல்லும் திருமணம் எது செல்லாத திருமணம் என்பவைதான். எனவே அவற்றைப் பற்றி மட்டும்.

சனிக்கிழமை காலை பில்லிங்ஸ் வகுப்பு. உடல் காட்டும் அறிகுறியைக் கவனித்துக் கருத்தரிக்கும் நாட்களைக் கண்டுகொள்ளும் இயற்கை முறை இது. செவிலியராகப் பணியாற்றும் அருள்சகோதரி ஒருவர் எடுக்கிறார், சுற்றி வளைக்காமல் பேசுகிறார். பெண் பகல் முழுவதும் நடமாடும்போது பிறப்புறுப்பின் வெளியே உணர்வது உலர்வா, ஈரமா, வழுவழுப்பா என்று கவனித்து, இரவில் அட்டையில் வண்ணவில்லை ஒட்ட வேண்டும். மாதவிடாய்க்குச் சிவப்பு, உலர்ந்த நாளுக்குப் பச்சை, கருப்பை வாயிலிருந்து சளித்திரவம் வரும் நாளுக்குக் குழந்தைப் படம் போட்ட வெள்ளை. வழுவழுப்பின் கடைசி நாள் உச்சநாள். அது உச்சநாள் என்பது மறுநாள்தான் தெரியும். அதற்குப் பின் மூன்று நாட்கள் கழிய வேண்டும். நான்காம் நாள் முதல் அந்தச் சுழற்சி முடியும்வரை கருத்தரிக்க வாய்ப்பில்லை. உச்சநாளுக்கு முந்தைய பச்சை நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் இரவில் மட்டும் சேரலாம். ஏன் ஒருநாள் விட வேண்டும் என்பதையும் சொல்கிறார்: முந்தைய இரவின் விந்து மறுநாள் ஈரமாகத் தெரிந்து கணக்கைக் குழப்பும். குழந்தை வேண்டுவோர் இதே அட்டையைத் திருப்பிப் படித்து, வழுவழுப்பான நாட்களைத் தவறவிடாமல் இருந்தால் போதும்.

எங்கே பிசகும் என்பதை அவர் மறைக்காதது நல்ல விஷயம். தொற்றால் வரும் வெள்ளைப்படுதலைச் சளித்திரவம் என்று எண்ணிவிடுவது, ஜலதோஷத்துக்குப் போடும் மாத்திரை திரவத்தை உலர்த்திவிடுவது, பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) உள்ளவர்களுக்குக் கருமுட்டை வெளிவராமலே வழுவழுப்பு பலமுறை வந்து போவது என எல்லாம் வருகின்றன. ஆனால் கையில் தரும் சிறுநூலில் இன்னமும் '14ஆம் நாள் கருமுட்டை' என்ற படம் இருக்கிறது. உச்சநாளுக்குப் பிந்தைய பகுதி பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டி நிற்கும். நீண்டு சுருங்குவது முந்தைய பகுதி. 35 நாள் சுழற்சி உள்ள பெண் அந்தப் படத்தை நம்பினால் ஒரு வாரம் தவறிவிடும். சகோதரி சொல்வதற்கு நேர் எதிராக அவரது நூலே பேசுகிறது. அச்சகத்துக்கு ஒரு போன் போட்டால் தீரும்.

குழந்தையின்மைக்கு ஒதுக்கியது இருபதே நிமிடம். ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) கூடாது என்று 1987இல் வத்திக்கானிலிருந்து வந்த 'தோனும் வீத்தே' அறிவுறுத்தலைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். என்ன கூடும் என்று சொல்ல வேண்டாமா? கருமுட்டையைத் தூண்டும் மாத்திரை, கருக்குழாய் அடைப்புக்கு அறுவை, ஆணுக்கு வெரிகோசீல் (விதைப்பை நாள வீக்கம்) அறுவை எல்லாமே கூடும். தம்பதியரின் உறவுக்குத் துணையாக நிற்கும் சிகிச்சைக்குத் திருச்சபை தடை சொல்வதில்லை, அந்த உறவின் இடத்தையே பிடித்துக்கொள்வதைத்தான் மறுக்கிறது. விந்துப் பரிசோதனையிலேயே பல தம்பதியர் முட்டி நிற்கிறார்கள். சுய இன்பத்தால் மாதிரி எடுப்பதைத் திருச்சபை ஏற்பதில்லை. அதற்கு வழி, மருந்து தடவாத சேகரிப்பு உறையில் (உறவு கருத்தடையாகிவிடாதபடி) ஊசியால் சிறு துளையிட்டு, இயல்பான உறவின்போது சேகரிப்பது. கடையில் விற்கும் சாதாரண ஆணுறை உதவாது, அதன் ரப்பரும் மசகும் விந்தணுக்களைக் கெடுக்கும். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளிக்குப் பின் எடுத்து, உடல் சூட்டிலேயே வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். பயிற்சியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மாலையில் திருச்சபைச் சட்டம், நாற்பது நிமிடம். குருவானவர் கெட்டிக்காரர்தான், ஆனால் சட்ட எண்களை வாசித்துக்கொண்டே போகிறார். வந்திருப்பவர்கள் உறவு கொள்ள இயலாமை, மலட்டுத்தன்மை, சம்மதத்தில் உள்ள குறை என்ற மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு எழுந்து போகிறார்கள். சட்டம் 1084 தடையாகச் சொல்வது உடலுறவு கொள்ளவே இயலாமை. அதுவும் திருமணத்துக்கு முன்பே இருந்து, நிரந்தரமானதாக இருந்தால்தான். சந்தேகம் இருந்தால் தடை இல்லை. மலட்டுத்தன்மை திருமணத்தைத் தடுப்பதும் இல்லை, செல்லாததாக்குவதும் இல்லை என்று அதே சட்டத்தின் மூன்றாம் பகுதி சொல்கிறது. கருப்பை எடுத்த பெண்ணும், வாசக்டமி (கருத்தடை அறுவை) செய்த ஆணும், எழுபது வயது விதவையும் மணம் முடிக்கலாம். 'பிள்ளை இல்லை, கோயில் கோர்ட்டில் பிரித்துவிடலாம்' என்று சொந்தக்காரர்கள் பேசுவதற்கு ஆதாரமே கிடையாது.

வழக்காவது மறைத்தால்தான். விந்தணு இல்லை என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே, சம்மதம் வாங்குவதற்காக அதை ஒளித்திருந்தால் சட்டம் 1098 வரும். தனக்கே தெரியாமல் இருந்தவர் மேல் அது பாயாது. பிள்ளையே வேண்டாம் என்று மனத்தில் உறுதியாக விலக்கிவிட்டு வார்த்தைப்பாடு கொடுத்தால் சட்டம் 1101இன்படி சம்மதமே செல்லாது. தக்க காரணத்தோடு இரண்டு வருடம் தள்ளிப்போடுவது அந்தக் கணக்கில் சேராது. இன்னொன்று, நம் ஊரில் சர்வசாதாரணம்: 'இரண்டு வருடத்தில் பிள்ளை இல்லையென்றால் விட்டுவிடுவேன்.' சம்மதத்தையே இதற்குக் கட்டுப்படுத்தி மணம் முடித்தால் அது எதிர்காலம் பற்றிய நிபந்தனை. சட்டம் 1102 அப்படிப்பட்ட திருமணத்தைச் செல்லாததாக்குகிறது. வகுப்பில் முதலில் சொல்ல வேண்டிய இது கடைசி ஐந்து நிமிடத்தில், சாப்பாட்டு மணி அடித்த பிறகு வந்தது.

சொல்லாமலே விட்டதும் உண்டு. திருச்சபை நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தாலும் அரசின் பார்வையில் திருமணம் நீடிக்கிறது; 2017இல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. சிவில் தீர்ப்பு வாங்காமல் மறுமணம் செய்தால் சிக்கல். தத்தெடுப்பு பற்றியும் மூச்சில்லை. முன்பு கிறிஸ்தவர்கள் 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாவலர் ஆக மட்டுமே முடிந்தது. இப்போது சிறார் நீதிச் சட்டத்தின் கீழ், காரா (மத்திய தத்தெடுப்பு ஆணையம்) வழியாக முழுப் பெற்றோராகவே ஆகலாம். தம்பதியர் மணமாகி இரண்டு ஆண்டாவது நிலையாக வாழ்ந்திருக்க வேண்டும்.

ஆக, பயிற்சிக்குப் போகலாம், ஆனால் ஓலை வாசிப்பதற்கு முந்தைய வாரம் போகாதீர்கள். குறைந்தது மூன்று மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். சட்டக் கேள்விகளை எழுதி எடுத்துப்போய், வகுப்பில் கேட்காமல் சனி இரவு குருவானவரிடம் தனியாகக் கேளுங்கள். அப்போது பொறுமையாகப் பதில் சொல்கிறார். மணப்பெண் இரண்டு மூன்று சுழற்சிக்கு அட்டையை நிரப்பிக்கொண்டு போய்ச் சகோதரியிடம் காட்டலாம், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.