நாய்க்கடி: உள்ளூர் வைத்தியரா, சுகாதார நிலையமா, பெரிய ஆஸ்பத்திரியா?

கிராமத்தில் ஒருவரை நாய் கடித்தால் போவதற்குப் பெரும்பாலும் மூன்று இடங்கள்தான்: கூப்பிடு தூரத்தில் வைத்தியர், கொஞ்சம் தள்ளி சின்ன சுகாதார நிலையம், பாதி நாள் பயணத்தில் பெரிய ஆஸ்பத்திரி.

வைத்தியரிடம் ஏன் போகிறார்கள் என்பது புரியாத விஷயமல்ல. ராத்திரியிலும் கதவைத் திறப்பார், காசு அப்புறம் கொடுத்தாலும் போதும், பதறி வருபவரை உட்கார வைத்துப் பேசுவார். “அவரிடம் போனவர்கள் யாரும் சாகவில்லை” என்ற பேரும் இருக்கும். அந்தப் பேரில்தான் சிக்கல். கடிக்கிற நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வெறிநோய் (ரேபிஸ்) இருப்பதில்லை. வெறிநாய் கடித்த எல்லோருக்கும் நோய் வருவதுமில்லை. தானாகத் தப்பியவர்கள் எல்லாம் வைத்தியர் கணக்கில் ஏறிவிடுகிறார்கள். நோய் வருபவருக்கோ அறிகுறி தெரியவே பொதுவாக 2, 3 மாதம் ஆகும். அதற்குள் கடி ஆறியிருக்கும், சாவுக்கு வேறு காரணம் சொல்லிவிடுவார்கள். காயத்தில் அப்பும் பொடியாலும் பச்சிலையாலும் ரேபிஸ் வைரஸ் சாகாது; புண்தான் எரியும்.

எங்கே போவதானாலும், கிளம்பும் முன் சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். இதற்கு யாரும் தேவையில்லை. அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

சுகாதார நிலையத்தின் பலம் பக்கத்தில் இருப்பது. தடுப்பூசி ஒரு நாளோடு முடிவதில்லை. தசையில் போடும் பழைய முறையில் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து நாட்கள் போக வேண்டும். தோலுக்குள் இரண்டு இடங்களில் 0.1 மில்லி வீதம் போடும் முறைக்கு, 2018 முதல் உலக சுகாதார நிறுவனம் 0, 3, 7 என்ற ஒரு வாரக் கணக்கையும் ஏற்கிறது. ஒவ்வொரு முறையும் கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஆனால் இந்த முறையில் பலருக்குப் பங்கிடும் மருந்துக் குப்பியைத் திறந்தால் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் “இன்னும் ரெண்டு பேர் வரட்டும், நாளைக்கு வாங்க” என்று திருப்பி அனுப்பும் ஆபத்து உண்டு. அங்கே விட்டுக்கொடுக்காமல் கேட்டு முதல் ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வலுவான காரணம் இம்யூனோகுளோபுலின், அதாவது வைரஸை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புச் சக்தி மருந்து. தோல் கிழிந்து ரத்தம் வந்த கடிக்கு ஊசி மட்டும் போதாது. உடம்பு எதிர்ப்புச் சக்தி உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். அந்த இடைவெளியை அடைக்கத்தான் இதைக் காயத்துக்குள்ளேயே செலுத்துகிறார்கள். அன்றே போடுவது நல்லது. முடியாவிட்டால் முதல் ஊசி போட்ட 7 நாளுக்குள்.

என் கட்சி இது: கழுவிவிட்டு முதல் ஊசியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ரத்தம் வந்த கடியென்றால் அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது. நேராக அங்கே போய்விட்டு, தூரத்தைக் காரணம் காட்டி மிச்ச ஊசிகளை விடுவதைவிட இது மேல். கடித்த நாயை 10 நாள் கண்காணிக்கலாம்தான், ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டு. அது நலமாக இருந்தால் நிறுத்திக்கொள்ளலாம். வைத்தியர் மேல் நம்பிக்கை இருந்தால் அவரையும் பார்க்கட்டும். கழுவச் சொல்லி வண்டி ஏற்றிவிடும் வைத்தியர் கிடைத்தால் ஊருக்கு லாபம்.

கடிபட்டவருக்கு நோய் வந்து, தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகத் தொடங்கிவிட்டால் மூன்று இடங்களிலும் குணம் இல்லை. வேதனையைத் தணிக்கும் மருந்து ஆஸ்பத்திரியில் கிடைக்கும். அவருடைய எச்சில் காயத்திலோ கண்ணிலோ வாயிலோ பட்டவர்கள் உடனே ஊசிக்குப் போக வேண்டும்.