குட்டி ஸ்கீ வாங்கப் போறீங்களா? நீளத்த விடுங்க, பைண்டிங்க பாருங்க

கொரியா போறதுக்கு முன்னால சொந்தமா ஒரு குட்டி ஸ்கீ வாங்குனேன், அதுலேர்ந்து தாமான்ல இருக்கறவங்க, மில்லுல கூட வேல செய்யற பசங்கன்னு ஆளாளுக்கு "எது வாங்கலாம்ணே"ன்னு கேக்குறாங்க. அதனால மொத்தமா ஒரே எடத்துல எழுதிடுறேன். ரேஸ் ஓட்டுறவங்களுக்கு இல்ல இது. வருஷத்துக்கு ஒரு வாட்டி லீவு போட்டு குடும்பத்தோட போயி, ரெண்டு மூணு நாளு பனியில ஜாலியா வழுக்கிட்டு, மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட்டுக்கு திரும்பி வந்து மறுநாளே வேலைக்கு எறங்குற நம்ம ஆளுங்களுக்கு.

மூணு வழி இருக்கு. ஒண்ணு, அங்க போயி சாதா நீள ஸ்கீய வாடகைக்கு எடுக்கறது, நிமித்தி வச்சா நம்ம தாடைக்கும் மூக்குக்கும் நடுவுல வரும். ரெண்டு, ஸ்கீபோர்டு. நெறைய பேரு ஸ்னோபிளேடுன்னு சொல்லுவாங்க, அது சலோமன் கம்பெனி வச்ச பேரு. 90லேர்ந்து 100 சென்டிமீட்டருக்குள்ள இருக்கும், முன்னயும் பின்னயும் வளஞ்சிருக்கும், பூட்ஸ ஸ்கீயோட சேத்துப் புடிக்கற பைண்டிங் பெரும்பாலும் விழுந்தாலும் கழலாததுதான். மூணு, அதே மாதிரி குட்டியா, இல்ல அதவிட கொஞ்சம் நீளமா 120, 130 வரைக்கும், ஆனா நீள ஸ்கீயில இருக்கற அதே கழலுற பைண்டிங் போட்டது. நான் வாங்குனது இந்த மூணாவது.

குட்டி ஸ்கீ ஒண்ணும் புதுசு இல்ல. அமெரிக்காவுல கிளிஃப் டெய்லர்னு ஒருத்தரு 1960கள்லயே குட்டி ஸ்கீயில ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா நீளத்த கூட்டி கத்துக் குடுத்தாரு. 90கள்ல ஆஸ்திரியாவுல நைஸ்ல் கம்பெனி பிக்ஃபுட்டுன்னு ஒண்ணு விட்டுச்சு, நுனியில கால் வெரலு மாதிரியே அச்சு இருக்கும், பாக்கவே அழகு. அதுக்கப்பறம்தான் ஸ்னோபிளேடு வந்து பேரு எடுத்துச்சு, குளிர்கால எக்ஸ் கேம்ஸ்ங்கற சாகச விளையாட்டு விழாவுல கூட கொஞ்ச காலம் ஸ்கீபோர்டு போட்டி இருந்துச்சு.

நீள ஸ்கீ வாடகைய பத்தி சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல. வேகத்துல ஆடாது, வகுப்புல சொல்லிக் குடுக்கறதும் அதுலதான், திருப்பிக் குடுத்துட்டு கைய வீசிக்கிட்டு வரலாம். ஆனா திருப்பப் பழகறதுக்குள்ள லீவு முடிஞ்சிரும்லா. குட்டியில அப்படி இல்ல. ரோலர்பிளேடு ஓட்டத் தெரிஞ்சவங்க கொஞ்ச நேரத்துலயே திரும்பிருவாங்க, கையில குச்சி வேணாம், சமதரை வந்தா ஸ்கேட்டிங் மாதிரியே தள்ளிக்கிட்டு போலாம், கூட்டத்துக்கு நடுவுல சின்ன சின்னதா வளஞ்சு வளஞ்சு எறங்கும்போது வர்ற சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே வாங்கலாம். ஒண்ணே ஒண்ணு, நடுவுல நிக்கணும். பின்னால சாஞ்சா தாங்கறதுக்கு வாலு கெடையாது. வேகம் கூடுனா முனை ரெண்டும் படபடன்னு ஆடும்.

இப்ப பைண்டிங். நான் முடிவெடுத்ததே இத வச்சுதான்.

ஸ்கீ பூட்ஸ போட்டுப் பாத்தவங்களுக்கு தெரியும், கெட்டி பிளாஸ்டிக்கு, பக்கிள் எல்லாம் இறுக்கிட்டா கணுக்காலு அசையாது. அதனால விழும்போது கணுக்காலு தப்பிச்சிரும். ஆனா அந்த முறுக்கு எங்கயாச்சும் போகணுமே, அது நேரா மேல ஏறி பூட்ஸோட மேல் விளிம்பு முட்டுற எடத்துல, முழங்காலுக்கு கீழ இருக்கற பெரிய எலும்புல போயி எறங்கும். கழலுற பைண்டிங்ல முன்பக்கம் காலு முறுக்குனா பக்கவாட்டுல விட்டுரும், பின்பக்கம் குதிகாலு தூக்குனா மேல விட்டுரும், ஸ்கீ தனியா போயிரும். கழலாததுல அந்த ரெண்டும் கெடையாது, லீவர போட்டு மூடுனா மூடுனதுதான். ஸ்கீ குட்டியா இருக்கறதால முறுக்கும் கம்மி, கழல வேணாம்னு சில பேரு சொல்றாங்க. முறுக்கு கம்மிதான், ஒத்துக்கறேன். ஆனா ஸ்கீ விபத்த ஆராஞ்ச டாக்டருங்க பாத்தது வேற: கழலாத குட்டி ஸ்கீ போட்டவங்களுக்கு இந்த எலும்பு ஒடையறது சாதா ஸ்கீக்காரங்கள விட அதிகம். எங்க சித்தப்பா பையன் கூட "அண்ணே, இத்துனூண்டு ஸ்கீக்கு எதுக்குண்ணே இவ்ளோ பெரிய பைண்டிங்கு"ன்னு கேட்டான். எலும்புக்கு ஸ்கீயோட நீளம் தெரியாதுடா தம்பின்னேன். மில்லுல ஷிஃப்டு முழுக்க நின்னுக்கிட்டே வேல செய்யறவனுக்கு காலு போனா மாசக்கணக்குல போச்சு.

கழலுற பைண்டிங் இருந்தா முட்டிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சிராதீங்க, முட்டி தசைநார் காயம் எதப் போட்டாலும் வரலாம். அதோட பைண்டிங்ல ஒரு நம்பர் இருக்கும், ஒங்க எடை, ஒயரம், வயசு, எப்படி ஓட்டுவீங்க, பூட்ஸ் அடிப்பாகம் எத்தன மில்லிமீட்டர், எல்லாத்தையும் பாத்துதான் அத வைக்கணும். கண்ணால பாத்து நாமளே திருகக் கூடாது. நான் பூட்ஸ அங்கதான் வாடகைக்கு எடுக்கறேன், அதனால தண்டவாளம் மாதிரி முன்ன பின்ன நகரற பைண்டிங்கா பாத்து வாங்குனேன், பூட்ஸு மாறுனாலும் கடைக்காரரு சரி பண்ணிக் குடுத்துருவாரு. எல்லாக் கடையும் அடுத்தவங்க சாமான தொடாது, முன்கூட்டியே கேட்டுக்குங்க. இப்ப வர்ற பூட்ஸ்ல கிரிப்வாக்குன்னு வளஞ்ச சோல் இருக்கும், பழைய பைண்டிங்ல அது சரியா ஒக்காராது, செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க இத கட்டாயம் பாருங்க. இன்னொண்ணு, ஸ்கீ கழண்டா கீழ ஓடாம இருக்க இதுல பிரேக் இருக்கு. கழலாததுல பிரேக் கெடையாது, கால்ல கயித்த மாட்டிக்கணும்.

ஸ்கீபோர்டோட ஒப்பிட்டா எடையும் வெலையும் மூணாவதுலதான் கூட, மறைக்கல.

சொந்தமா வாங்கறவங்களுக்கு நம்ம ஊரு ஈரம் ஒரு தொல்ல. ஓரத்துல இருக்கற இரும்புக் கம்பி மழ நாள்ல சும்மா சுவத்துல சாச்சு வச்சாலே செம்மஞ்சளா துரு புடிச்சிரும். திரும்பி வந்ததும் நல்லா தொடச்சு, அடியில மெழுகு உருக்கி ஓரத்தையும் சேத்து மூடி, சொரண்டாம அப்படியே விட்டுருவேன், அடுத்த வாட்டி போறப்பதான் சொரண்டறது. மெழுகு ஸ்கீக்குன்னு விக்கறதா இருக்கணும், ஆவி ஓட்ட இல்லாத பழைய இஸ்திரிப்பொட்டி போதும், சூட்ட கம்மியா வைங்க. பையிக்குள்ள ஈரம் இழுக்குற பாக்கெட்டு ரெண்டு போட்டுருங்க. திருப்பி விக்கலாம்னு கணக்குப் போடாதீங்க, நம்ம பக்கம் வாங்க ஆளு கெடைக்கறது கஷ்டம். வளர்ற புள்ளைங்களுக்கு வாடகையே போதும்.

இதெல்லாம் கொரியாவ வச்சு சொல்றது. அங்க பனியில பாதிக்கு மேல மெஷினு போட்ட பனி, அமுக்கி இறுகிப் போயிருக்கும், குட்டி ஸ்கீ அதுல நல்லா ஓடும். ஜப்பான்ல இருக்கற ஹொக்கைடோ வேற, நிசெகோ பக்கம் மாவு மாதிரி ஆழமா விழும், குட்டி அதுல பொதஞ்சிரும். அந்தப் பனியில நான் ஓட்டுனது ரொம்ப கம்மி, ஆனா அங்க போறதுன்னா அகலமான நீள ஸ்கீய வாடகைக்கு எடுக்கத்தான் சொல்லுவேன், குட்டிய அமுக்கி விட்ட பாதைக்கு மட்டும் வச்சுக்குங்க. எங்க போனாலும் பயண இன்சூரன்ஸ்ல ஸ்கீ சேருதான்னு கெளம்பறதுக்கு முன்னால கேட்டுருங்க, நெறைய பாலிசியில அதுக்கு தனியா பணம் கட்டணும்.