பாங்காக்கில் கையில் பாட்: டாலரா, ஃபோரெக்ஸ் கார்டா, டெபிட் கார்டா?

தாய்லாந்துக்கு டிக்கெட் போட்டதும் அடுத்து வருகிற கேள்வி, "பணத்தை எப்படி எடுத்துட்டுப் போறது?" குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்வார்கள். ஒருவர் டாலர் என்பார், இன்னொருவர் வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிய ஃபோரெக்ஸ் கார்டு என்பார், "ஏடிஎம் எதுக்கு இருக்கு?" என்று மூன்றாமவர் கேட்பார்.

எந்த வழியானாலும் நான் இரண்டு கேள்விகள் கேட்டுத்தான் எடை போடுவேன். எல்லாம் ஒழுங்காக நடந்தால் கட்டணமாக எவ்வளவு போகும்? ஏதாவது தப்பாகிவிட்டால் அதிகபட்சம் எவ்வளவு போகும்? பெரும்பாலானவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் மாற்று விலையின் மேல் வங்கி கூட்டி வைக்கும் மார்க்-அப்பில் போகிற இரண்டாயிரம் ரூபாயைவிட, மோசடியில் காலியாகிற சம்பளக் கணக்குதான் ஒரு குடும்பத்தை உலுக்கும்.

தாய்லாந்தில் ரொக்கம் இல்லாமல் சமாளிக்க முடியாதா? பெரிய ஹோட்டல்களிலும் மால்களிலும் முடியும். துக்துக், இரவுச் சந்தை, சாலையோர பட் தாய் நூடுல்ஸ் கடை, தீவுக்குப் போகும் படகு என்று வந்துவிட்டால் நோட்டு வேண்டும். உள்ளூர்க்காரர்கள் இங்கெல்லாம் நம் யுபிஐ போன்ற பிராம்ப்ட்பே கியூஆரில் கட்டிவிடுவார்கள். அது அவர்களுடைய வங்கிக் கணக்கோடு இணைந்தது. நம்முடைய யுபிஐ 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் இருக்கிறது, சிங்கப்பூரில் 2023-இலிருந்து அந்நாட்டின் பணப் பரிமாற்ற முறையான பேநவ்-வோடு இணைந்திருக்கிறது என்பதால், தாய்லாந்திலும் ஓடும் என்று நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

கணக்குக்காக ஒரு அளவு வைத்துக்கொள்வோம்: தேவை தாய்லாந்துப் பணத்தில் 20,000 பாட், ஒரு பாட் ரூ.2.70. அதாவது சந்தை விலையில் ரூ.54,000. நீங்கள் போகும் நாளில் விலை மாறியிருக்கும், ஆனால் வழிகளுக்கு இடையிலான வித்தியாசம் ஏறக்குறைய இதே அளவில்தான் இருக்கும்.

சாதாரண டெபிட் கார்டு

முதலில் கார்டைத் திருப்பிப் பாருங்கள். ரூபே என்று மட்டும் இருந்தால், அது உள்நாட்டுக்கு மட்டுமான வகையா, வெளிநாட்டில் செல்லும் வகையா என்று வங்கியில் கேட்டுவிடுங்கள். விசா, மாஸ்டர்கார்டு என்றாலும் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது. 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, அதை நாமே செயலியில் திறந்துவிட வேண்டும்.

இந்தக் கார்டில் கட்டணம் பல அடுக்காக வரும். தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அளவில் பிடிக்கும், சில இன்னும் அதிகம். நம் வங்கி தன் பங்குக்கு ஒரு முறைக்கு ரூ.125 போல எடுக்கும். அதற்கு மேல் மாற்று விலையில் 3.5 சதவீதம் வரை மார்க்-அப், இரண்டின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி. அந்நியச் செலாவணி மாற்றத்துக்கென்று தனி ஜிஎஸ்டியும் உண்டு: ஒரு லட்சம் வரை தொகையில் ஒரு சதவீதத்தைச் சேவை மதிப்பாக எடுத்து அதில் 18 சதவீதம், குறைந்தது ரூ.45.

20,000 பாட்டை ஒரே தடவையில் எடுத்தால் எல்லாம் சேர்ந்து மூவாயிரம் ரூபாயைத் தொடும். அதையே கைச்செலவுக்கு அப்போதைக்கப்போது என்று இரண்டாயிரம் இரண்டாயிரமாகப் பத்து தடவை எடுத்தால் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். 220 பாட் என்பது இருபதாயிரத்தில் 1.1 சதவீதம், இரண்டாயிரத்தில் 11 சதவீதம். "பத்திரமா இருக்கட்டும்னு கொஞ்சம் கொஞ்சமா எடுத்தேன்" என்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

மார்க்-அப் இல்லாத டெபிட் கார்டுகளும் இப்போது கிடைக்கின்றன. சில வங்கிகள் குறிப்பிட்ட கணக்குகளுக்குத் தருகின்றன, பயணத்துக்கென்றே செயலி வழியாகத் தருகிறவர்களும் உண்டு. அப்படி ஒன்றில், ஏடிஎம் எடுப்புக் கட்டணமும் இல்லை என்றால், அதே 20,000 பாட்டுக்குச் செலவு சுமார் ரூ.700-தான். கார்டு பாதையில் இதுவே மலிவு. எத்தனை எடுப்புக்குச் சலுகை, எந்தக் கணக்கு இருப்புக்குச் சலுகை என்ற நிபந்தனையை மட்டும் கிளம்பும் முன் படித்துவிடுங்கள்.

அந்த ஒரு திரை

எந்தக் கார்டானாலும் இது பொருந்தும். தாய்லாந்து ஏடிஎம்மில் பின் எண் போட்டு, தொகை அடித்து, 220 பாட் கட்டணத்துக்குச் சரி சொன்ன பிறகு இன்னொரு திரை வரும். 20,000 பாட்டுக்கு உங்கள் கணக்கில் இத்தனை ரூபாய் பிடிக்கப்படும் என்று பைசா சுத்தமாகக் காட்டும். கீழே இரண்டு பொத்தான்கள்: 'வித் கன்வர்ஷன்', 'வித்தவுட் கன்வர்ஷன்'. சில இயந்திரங்களில் 'அக்செப்ட்', 'டிக்ளைன்' என்று இருக்கும். தெரிந்த ரூபாயில் கணக்கு காட்டுவதால் மனம் உடனே முதல் பொத்தானுக்குப் போகும். டிக்ளைன் என்றால் பணமே வராதோ என்ற பயம் வேறு.

வரும். டிக்ளைன் என்பது அவர்கள் சொல்லும் மாற்று விலை வேண்டாம் என்பதற்குத்தான். எடுப்பு தொடரும், மாற்று விலையை விசாவோ மாஸ்டர்கார்டோ போடும். அக்செப்ட் அழுத்தினால் அந்த இயந்திரத்தின் பின்னால் இருப்பவர்கள் வைத்த விலை. அதில் ஐந்து, எட்டு சதவீதம் போவது சாதாரணம், ரூ.54,000-இல் அது ரூ.2,700-இலிருந்து நாலாயிரத்துச் சொச்சம். மார்க்-அப் இல்லாத கார்டு வாங்க நீங்கள் பட்ட பாடெல்லாம் இந்த ஒரு பொத்தானில் வீண். கடையில் கார்டு தேய்க்கும்போதும் "ரூபாயா, பாட்டா?" என்று கேட்டால் பாட் என்றே சொல்லுங்கள். வெளிநாட்டில் ரூபாயில் நடந்த பரிவர்த்தனைக்கு நம்மூர் வங்கிகளும் தனியாக ஒரு கட்டணம் போடுவதுண்டு, அப்போது இரட்டை அடி.

ஃபோரெக்ஸ் கார்டு

இங்கேயே பணத்தைப் பாட்டாக மாற்றி ஏற்றிக்கொண்டு போகும் கார்டு. விலை ஏறும், இறங்கும் என்ற கவலை இல்லை. ஆனால் "மார்க்-அப் கிடையாது" என்ற விளம்பரத்தை அப்படியே நம்பாதீர்கள். ஏற்றும் நாளில் அவர்கள் சொல்லும் விலைக்குள்ளேயே லாபம் இருக்கிறது. சந்தை விலையைவிட ஒன்றரை சதவீதம் கூட என்று வைத்தால், செலாவணி ஜிஎஸ்டி, கார்டு நிறுவனத்தின் ஏடிஎம் கட்டணம், அந்த 220 பாட் எல்லாம் சேர்ந்து நம் கணக்குக்கு ரூ.1,700 பக்கம் வரும். கார்டுக்கான கட்டணம் தனி.

பெரிய தவறு நடப்பது கரன்சியில். "டாலரில் ஏத்திக்கோங்க, எங்க வேணா ஓடும்" என்று கவுன்ட்டரில் சொல்வார்கள். ஓடும்தான். ஆனால் டாலர் இருப்பிலிருந்து பாட் எடுக்கும்போது கரன்சி தாண்டும் கட்டணம் 2 முதல் 3.5 சதவீதம் வரை விழும். அப்புறம் இதற்கும் சாதாரண டெபிட் கார்டுக்கும் வித்தியாசமே இல்லை. பாட்டிலேயே ஏற்றித் தரும் கார்டாகப் பார்த்து வாங்குங்கள். வியட்நாம் டாங், இலங்கை ரூபாய் போன்றவற்றைப் பெரும்பாலான கார்டுகளில் ஏற்றவே முடியாது என்பதால் அந்த ஊர்களுக்கு இந்த வழி எனக்குச் சரிப்படவில்லை. மீந்த பணத்தைத் திரும்ப ரூபாயாக்கும்போது வாங்கும் விலையில் மறுபடி ஒரு நஷ்டம் உண்டு.

இரண்டாவது கேள்விக்கு வந்தால் இந்தக் கார்டு நிமிர்ந்து நிற்கிறது. போனால் ஏற்றிய பணம்தான் போகும், உங்கள் வங்கிக் கணக்கை அது எட்டவே எட்டாது. வயதான அப்பா அம்மாவைத் தனியாக அனுப்புகிறீர்கள் என்றால், கட்டணம் கொஞ்சம் கூடினாலும் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

டாலர் நோட்டு

பழைய வழி, இன்றைக்கும் செலவில் கார்டுகளோடு போட்டி போடும் வழி. சென்னையில் உரிமம் பெற்ற இடத்தில் நாலைந்து பேரிடம் விலை கேட்டு டாலர் வாங்கி, பாங்காக்கில் நல்ல கவுன்ட்டரில் மாற்றினால், இரண்டு பக்க விலை இடைவெளியும் ஜிஎஸ்டியும் சேர்ந்து நம் கணக்குக்கு ரூ.800, ரூ.900-க்குள் முடித்துவிடலாம். நேரடியாக இங்கேயே பாட் வாங்குவது வசதிதான், ஆனால் அதற்கு விலை இடைவெளி டாலரைவிட அதிகம். டாக்ஸிக்கும் முதல் நாள் சாப்பாட்டுக்கும் மட்டும் கொஞ்சம் வாங்கி வைத்தால் போதும்.

எங்கே மாற்றுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுவர்ணபூமி விமான நிலையத்தில் வெளியே வந்ததும் கண்ணில் படும் வங்கிக் கவுன்ட்டர்களைத் தாண்டி, ரயில் பிடிக்கும் அடித்தளத்துக்கு இறங்குங்கள். அங்கே சூப்பர்ரிச் உள்ளிட்ட மாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கும், நகர விலைக்குப் பக்கத்தில் தருவார்கள். இரவு விமானத்தில் போய் விடியும் முன் இறங்கினால் அவை திறந்திருக்காமல் போகலாம். கையில் கொஞ்சம் பாட் இருக்க வேண்டும் என்பது அதனால்தான். பாஸ்போர்ட் கேட்பார்கள்.

விலைப் பலகையில் டாலருக்கே மூன்று நான்கு வரிகள் இருக்கும்: நூறு டாலர் நோட்டுக்கு ஒரு விலை, ஐம்பதுக்கு அதைவிடக் குறைவு, சில்லறை நோட்டுகளுக்கு இன்னும் குறைவு. அதனால் சென்னையில் வாங்கும்போதே நூறு டாலர் புதுத் தாளாகக் கேளுங்கள். ஓரம் கிழிந்தது, பேனாக் கிறுக்கல் உள்ளது, பழைய வடிவமைப்பு என்று எதைத் தந்தாலும் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பாங்காக்கில் வாங்க மாட்டார்கள் அல்லது விலையைக் குறைப்பார்கள்.

சுற்றுலாவுக்குப் போகும்போது நோட்டாக 3,000 டாலர் வரை வாங்கலாம். ரொக்கம் கொடுத்து வாங்குவதானால் ரூ.50,000-க்குக் கீழேதான், மேலே போனால் வங்கி வழியாகக் கட்ட வேண்டும். ரசீது இல்லாமல் "நல்ல ரேட்" தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். கள்ள நோட்டு வந்தால் யாரிடமும் போய் நிற்க முடியாது.

நோட்டின் பலவீனம் எல்லாருக்கும் தெரிந்தது. தொலைந்தால் தொலைந்ததுதான், எந்த விதியும் மீட்டுத் தராது. ஆனால் தொலைகிற அளவுக்கு ஓர் எல்லை உண்டு.

கிரெடிட் கார்டில் ரொக்கம்

வேண்டாம். ரொக்கம் எடுக்கும் கட்டணம் 2.5 சதவீதம் அல்லது அதற்கு மேல், மார்க்-அப், ஜிஎஸ்டி, அதோடு எடுத்த நாளிலிருந்தே மாதம் 3.5 சதவீதம் அளவில் வட்டி. மூன்று வாரம் கழித்துக் கட்டினால் நம் கணக்கில் ஆறாயிரத்தை ஒட்டி வரும். ஹோட்டல் பில்லுக்குத் தேய்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு இது நல்ல கார்டு, ஏனென்றால் தகராறு வரும்போது சிக்கியிருப்பது உங்கள் சேமிப்பு அல்ல.

தப்பாகப் போனால்

கார்டைச் செருகும் வாயில் பொருத்திய கருவியால் காந்தப் பட்டையை நகலெடுப்பதும், மேலே ஒளித்து வைத்த கேமராவில் பின் எண்ணைப் பார்ப்பதும் சுற்றுலா ஊர்களின் பழைய தொழில். சிப் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதுக் குறியீடு போடும், அதை நகலெடுத்துப் பயனில்லை. ஆனால் நம் கார்டுகளின் முதுகில் பட்டை இன்னும் இருக்கிறது. மாஸ்டர்கார்டு அதை முழுக்கக் கைவிட 2033 என்று நாள் குறித்திருக்கிறது. பட்டையிலிருந்து எடுத்த விவரம், சிப்பைக் கேட்காத வேறொரு நாட்டு இயந்திரத்தில் பயன்படும். கார்டின் முகத்தில் உள்ள எண்ணோ, ஓடிபி கேட்காத வெளிநாட்டு இணையதளத்துக்குப் போதும். ஓடிபி இருக்கிறதே என்ற தைரியம் எல்லைக்கு வெளியே செல்லாது.

அதனால் செயலியில் உள்ள பொத்தான்களைத் தனித்தனியாகப் பாருங்கள். வெளிநாட்டு ஏடிஎம் மட்டும் திறப்பு, வெளிநாட்டு ஆன்லைன் மூடல், தினசரி வரம்பு அன்றைய தேவைக்கு. வரிசையில் நிற்கும்போது திறந்து, பணம் வந்ததும் மூடிவிடலாம். சில நொடி வேலைதான். வங்கிக் கிளையோடு ஒட்டிய ஏடிஎம்மில், கிளை திறந்திருக்கும் நேரத்தில் எடுங்கள். கார்டை இயந்திரம் விழுங்கினால் உள்ளே போய்க் கேட்க ஆள் இருக்கும். உதவ வருகிற அந்நியர் முன்னால் பின் எண் போட வேண்டாம். அங்கே சில இயந்திரங்களில் முதலில் பணம் வரும், கார்டு பிறகுதான் வரும்; பணத்தை எண்ணிக்கொண்டே நடந்துவிடாதீர்கள்.

அப்படியும் பணம் போனால் நேரம்தான் முக்கியம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாத மோசடியை, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு ரூ.10,000 வரை உங்கள் தலையில். அதற்கும் மேல் போனால் வங்கியின் கொள்கைப்படி. பின் எண் போட்டு எடுத்த பணம் என்று வங்கி வாதாடும், ஆனால் தவறு உங்களுடையது என்று நிரூபிக்கும் பொறுப்பை அந்தச் சுற்றறிக்கை வங்கி மீதே வைத்திருக்கிறது. தகவல் வந்து சேர வேண்டுமே: நம்மூர் சிம்மை அணைத்துவிட்டு உள்ளூர் சிம் போடுபவர்களுக்கு எஸ்எம்எஸ் வராது. மின்னஞ்சல் எச்சரிக்கையைப் பதிவு செய்துவிட்டு, ஹோட்டல் வைஃபையில் தினமும் ஒரு தடவை கணக்கைப் பாருங்கள்.

நான் சொல்லும் சேர்க்கை

தேவையில் பாதியை நூறு டாலர் நோட்டாக, இருவர் பையில் பிரித்து. மீதிக்கு மார்க்-அப் இல்லாத டெபிட் கார்டு. அது சம்பளம் வராத, பயணத்துக்காகவே திறந்த தனிக் கணக்கில் இருக்கட்டும். ஒவ்வொரு எடுப்புக்கும் தேவையான பணத்தை மட்டும் செயலியில் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் ஃபோரெக்ஸ் கார்டின் பாதுகாப்பும் கிடைக்கிறது, கட்டணமும் குறைகிறது. எடுக்கும்போது பெரிய தொகையாக, ஒன்றிரண்டு தடவையில் எடுங்கள். அப்படி ஒரு கணக்கு திறக்க நேரமில்லை என்றால் பாட் ஏற்றிய ஃபோரெக்ஸ் கார்டு. சம்பளக் கணக்கின் கார்டு அறைப் பெட்டகத்தில், வெளிநாட்டுப் பயன்பாடு மூடிய நிலையில், அவசரத்துக்கு மட்டும்.

ஊர் திரும்பியதும் பயணக் கார்டின் வெளிநாட்டு ஏடிஎம் அனுமதியையும் மூடிவிட்டு, அடுத்த இரண்டு மாத ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் பாருங்கள். திருடிய கார்டு எண்ணில் பல சமயம் முதலில் பத்து, இருபது ரூபாய்க்குத்தான் சோதனை நடக்கும். தெரியாத பெயரில் அப்படி ஒரு சின்னத் தொகை கண்ணில் பட்டால், அன்றே கார்டை முடக்கிவிட்டுப் புதுக் கார்டு கேளுங்கள்.