கசியோ எஃப்எக்ஸ்-991ஈஎஸ் பிளஸ் கணிப்பானும் 4294967297 என்ற எண்ணும்

தரம் 11இல் படிக்கும் அக்காவின் மகளுக்காக மட்டக்களப்பு நகரின் கடையொன்றில் இந்த விஞ்ஞானக் கணிப்பானை வாங்கினேன். திரிகோண கணிதம், புள்ளிவிபரம் ஆகியவற்றுக்கு இது நன்றாகப் பயன்படுகிறது. நான் எழுத விரும்புவது பலரும் தொட்டே பார்க்காத முதன்மைக் காரணி வசதியைப் பற்றி. எண்ணைப் பதிந்து சமன் விசையை அழுத்தி, பிறகு ஷிஃப்ட் விசையையும் பாகை, கலை, விகலைக்கான விசையையும் அழுத்தினால், பத்து இலக்கம் வரையான முழுவெண்ணைக் காரணிகளாகப் பிரித்துத் தருகிறது.

கல்லடி வீட்டு விறாந்தையில் இருந்து நாங்கள் முதலில் கொடுத்த எண் 4294967297. 2இன் 32ஆம் வலுவுடன் 1ஐக் கூட்டினால் இது கிடைக்கும். வலுவை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போகும் இதே வரிசையில் முன்னே வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் முதன்மை எண்கள் என்பதால் இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று கணிதவியலாளர் பேர்மா நம்பியிருந்தார்; 641ஆல் இது மீதியின்றி வகுபடும் என்பதை 1732இல் ஒயிலர் காட்டினார். எங்கள் திரையில் 641×(6700417) என்று வந்தது.

"அடைப்புக்குறி எதுக்கு மாமா?" என்று பிள்ளை கேட்டாள்.

இந்தக் கணிப்பான் மூன்று இலக்க முதன்மை எண்கள் வரைதான் வகுத்துப் பார்க்கும். அடுத்த முதன்மை எண் 1009, அதன் வர்க்கம் 1018081. மிஞ்சும் எண் இதைவிடச் சிறியதாயின் அது முதன்மை எண் என்பது நிச்சயம். இல்லாவிட்டால், தன்னால் தீர்மானிக்க முடியாததை நேர்மையாக அடைப்புக்குள் வைத்துவிடுகிறது. ஆகவே அடைப்புக்குள் இருப்பதெல்லாம் முதன்மை எண் என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. 1018081ஐயே கொடுத்தாலும், அது 1009×1009 ஆக இருந்தும், அடைப்புக்குள்தான் வரும்.

மிச்ச வேலைக்குத் தாளும் பென்சிலும் போதும். 6700417இன் வர்க்கமூலம் 2588ஐச் சற்றுத் தாண்டும். அதுவரையுள்ள முதன்மை எண்கள் அனைத்தாலும் வகுக்கத் தேவையில்லை, ஏனெனில் 4294967297இன் காரணி எதுவாயினும் அது 128இன் மடங்கொன்றுடன் 1ஐக் கூட்டியதாகவே இருக்கும் என்று எடுவார்ட் லூக்கா 1878இல் நிறுவியிருக்கிறார் (641 என்பது 128×5+1). அத்தகைய முதன்மை எண்கள் 2588க்குள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்துதான். முதல் மூன்றையும் கணிப்பான் ஏற்கெனவே பார்த்துவிட்டதால், எஞ்சிய இரண்டால் பிள்ளை வகுத்தாள்: 1153க்கு மீதி 334, 1409க்கு மீதி 622. எனவே 6700417 முதன்மை எண்ணே. தானாக முழு விடையையும் தரும் கணினி மென்பொருளைவிட இதையே நான் மாணவர்களுக்கு விரும்பிப் பரிந்துரைப்பேன்.

குறை என்று சொன்னால், பத்து இலக்க எல்லைதான். வரிசையின் அடுத்த எண்ணான 2⁶⁴+1, இருபது இலக்கம் கொண்டது, திரையில் 1.844674407×10¹⁹ என்று சுருங்குவதால் காரணி விசை உதவாது. அதை 274177 வகுக்கும் என்று லான்ட்ரி 1880இல் வெளியிட்டார். பிள்ளை 18446744073709551617 என்று கொப்பியில் முழுதாக எழுதி, நெடும் வகுத்தலாகவே செய்து, ஒரு பக்கம் நிறைந்த பின் கடைசி வரியில் பூச்சியத்தை எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டாள்.