மூலக்கதை தெரிந்த பீட்டாவா, தெரியாத பீட்டாவா?

பிடித்த கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் புனையும் ஃபேன் ஃபிக்‌ஷனை எழுதி முடித்ததும், வெளியிடுமுன் பீட்டாவாகப் படித்துத் திருத்தம் சொல்ல யாரிடம் கொடுப்பது? மூலக்கதையைக் கரைத்துக் குடித்தவரிடமா, அதைத் தொட்டே பார்க்காத, ஆனால் கூர்மையாகப் படிக்கிற ஒருவரிடமா? நான் இரண்டு வகையினரிடமும் கொடுத்திருக்கிறேன்.

1967ல் ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் ‘ஸ்பாக்கனாலியா’ இதழைக் கொண்டுவந்த நாட்களில் இந்தக் குழப்பம் இல்லை. ரசிகர் இதழுக்கென்று ஓர் ஆசிரியர் இருப்பார், அவரும் ரசிகராகவே இருப்பார். இணையம் வந்ததும் யார் கண்ணிலும் படாமல் நேராக வெளியிடலாம் என்றானது. அந்த ஆசிரியர் செய்த வேலையைத்தான் இன்று பீட்டா ரீடர் செய்கிறார். மென்பொருள் சோதனையிலிருந்து வந்த பெயர் அது.

மூலம் தெரிந்தவருடைய பலம், பாத்திரங்களின் குரல் அவர் காதிலேயே இருப்பது. ஒருமுறை, சண்டைக்குப் பிறகு நாயகன் மன்னிப்புக் கேட்பதாக எழுதியிருந்தேன். “இவன் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கிற ஆளே இல்லை. தன் குடையை அவளிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போவான்” என்று ஓரத்தில் குறித்திருந்தார். நான்கு வரி வசனத்தை அடித்துவிட்டுக் குடையை எழுதினேன். அந்தக் காட்சிக்கு உயிர் வந்ததே அதற்குப் பிறகுதான்.

ஆனால் அதே ஆள், நான் எழுதாமல் விட்டதையும் சேர்த்தே படித்துவிடுகிறார். பழைய கடிகாரம் ஒன்றைப் பார்த்ததும் எல்லோரும் மௌனமாகிற இடம் அவருக்கு இயல்பாகப் பட்டது. மூலம் தெரியாதவரோ, “கடிகாரத்தைப் பார்த்து ஏன் பேச்சு நின்றது?” என்று கேட்டார். பக்கத்தில் அதற்குப் பதிலே இல்லை. மூலக்கதை தந்த உணர்ச்சியை நான் கடனாக எடுத்திருந்தேன், அவ்வளவுதான்.

தெரியாதவரிடம் வேறொரு சிக்கல். பாத்திரத்தின் வழக்கமான விறைப்பைக் குறை என்று நினைத்து மென்மையாக்கச் சொல்வார். அதைக் கேட்டால் ரசிகர்களுக்கு அது வேறு யாரோ ஆகிவிடும்.

நூறே சொல்லில் முடிகிற டிராபிள் என்ற குறுங்கதைக்கு பீட்டா இல்லாமலே போகலாம், தப்பில்லை. பாத்திரங்களை வேறொரு உலகத்தில் வைத்து எழுதும் ஏயூ கதை என்றால் தெரியாதவரை நம்புவேன், ஏனென்றால் அந்த உலகத்தைப் பக்கத்திலேயே கட்டியாக வேண்டும். மூலத்தின் இரண்டு காட்சிகளுக்கு நடுவே நடப்பதை எழுதினால், தெரிந்தவர் இல்லாமல் முடியாது. ஒருவர்தான் கிடைப்பார் என்றாலும் தெரிந்தவரையே எடுப்பேன். குரல் பிசகினால் மற்ற எதுவும் எடுபடாது.

இரண்டு பேரும் கிடைத்தால் தெரிந்தவருக்குத்தான் முதலில் அனுப்புகிறேன். ஒருமுறை மாற்றி அனுப்பினேன். தெரியாதவர் மூன்று நாள் உட்கார்ந்து வரிவரியாகச் செதுக்கித் தந்த அத்தியாயத்தை, அப்புறம் பாத்திரமே தவறு என்று முழுவதும் தூக்க வேண்டியதாயிற்று. அதை அவரிடம் சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.