நெஞ்சு நீர் டெஸ்ட் எடுத்த லேப்: 3 ஸ்டார் தான்

அப்பாவுக்கு நுரையீரலை சுத்தி நீர் கோத்துக்கிச்சு, மூச்சு வாங்கி படுக்கவே முடியல, முதுகுல ஊசி போட்டு எடுத்தா டிகாஷன் கலர்ல ரத்தம் கலந்து வந்துச்சு, அந்த பாட்டில கையில புடிச்சுட்டு தான் இந்த லேபுக்கு ஓடினேன். ஏடிஏ, சிஇஏ, சைட்டாலஜி மூணும் எழுதியிருந்தாங்க. ஏடிஏ டிபிக்கு பாக்குறது, சிஇஏ கேன்சர் மார்க்கர், அதாவது சில கேன்சர்ல கூடுற ஒரு புரதம், சைட்டாலஜி நீர்ல இருக்குற செல்ல மைக்ராஸ்கோப்ல பாக்குறது.

கவுன்டர்ல இருந்த பொண்ணு பொறுமையா பேசுச்சு, மார்க்கர் ரிப்போர்ட் மறுநாளே வாட்ஸ்அப்ல வந்துருச்சு, அதுக்கு சபாஷ். ஆனா ரத்தத்துக்கு உள்ள நார்மல் அளவ பக்கத்துல போட்டு சிஇஏ "ஹை"னு சிவப்புல அடிச்சு அனுப்பிட்டாங்க, நெஞ்சு நீருக்கு அந்த அளவு பொருந்தாதுங்க, அன்னைக்கு வீட்ல யாரும் சாப்பிடல. டாக்டர் தான் புரிய வெச்சார், மார்க்கர் கூடுனா சந்தேகம் பலமாகும், ஆனா கேன்சர் செல்ல மைக்ராஸ்கோப்ல பாத்தா தான் உறுதி, கம்மியா இருந்தாலும் இல்லன்னு ஆகாது, மீசோதீலியோமான்னு நுரையீரல் உறையில வர்ற கேன்சர்ல சிஇஏ பெரும்பாலும் ஏறவே ஏறாதாம்.

கடுப்பு என்னன்னா, செல் பிளாக் (நீர்ல இருக்குற செல்ல கட்டியாக்கி, மெல்லிசா வெட்டி பாக்குறது) பண்ண மிச்ச நீர் கேட்டா கொட்டிட்டோம்ங்கிறாங்க! அப்பாவுக்கு மறுபடி ஊசி. சாம்பிள் குடுக்குறப்பவே மிச்சத்த எடுத்து வெக்க சொல்லிருங்க.