சமானாவா, பிளசென்சியாவா, காரவெல்லா? மூன்று கரீபியத் தீபகற்பங்களின் அலசல்

தீபகற்பம் ஒரு முட்டுச்சந்து. அங்கே வேலை இருப்பவர் மட்டுமே உள்ளே வருவார். வேறெங்கோ போகிறவர் அதன் வழியாகப் போக முடியாது. கரீபியக் கடலில் ஆரவாரமில்லாத ஒரு வாரம் வேண்டும் என்று யாராவது கேட்டால், தீவின் நடுவை விட்டுவிட்டு அதன் மூக்கு நுனியை நான் காட்டுவது இதனால்தான்.

இந்த முறை கேட்டவர் டொராண்டோவில் இருக்கும் என் அக்கா. 63 வயது, முழங்கால் வலி. அத்தானுக்குப் பறவைப் பித்து. எஞ்சின் சத்தம் கேட்டாலே முகம் சுளிப்பார். "அதிகம் நடக்காமல் பார்க்கிற இயற்கை எங்கே இருக்கிறது?" என்பது அக்காவின் கேள்வி. "படகில் ஏறாமல் பார்க்கிற இயற்கை எங்கே?" என்பது அத்தானுடையது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான், நான் போய்வந்த மூன்று தீபகற்பங்களுக்கும் உள்ள வேறுபாடு எனக்கே துலங்கியது. கடற்கரை எங்கே அழகு என்ற ஒப்பீட்டில் மூன்றுமே ஜெயிக்கும். எதில் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டால்தான் அவை பிரிகின்றன.

வெனிசுலாவின் பாரியாவையும் கியூபாவின் மேற்குக் கோடியில் உள்ள குவானாகாபிபேஸையும் முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். இரண்டிலும் காடு அருமை. ஒன்றில் பாதுகாப்புக் கவலை, மற்றதில் எரிபொருளும் மின்சாரமும் தட்டுப்பாடு. முழங்கால் வலிக்காரரை அனுப்பும் இடங்கள் இல்லை.

சமானா டொமினிகன் குடியரசின் வடகிழக்கு மூலையில் நீளும் மலைப்பாங்கான விரல். மலைச்சரிவு முழுக்கத் தென்னை. தலைநகர் சாந்தோ தொமிங்கோவிலிருந்து 2008இல் திறந்த நெடுஞ்சாலையில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் இறுதிவரை இங்கே வருகிறவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகத்தான் வருகிறார்கள். மெய்ன் வளைகுடா, கனடா, கிரீன்லாந்து, ஐஸ்லாந்து என வடக்கே மேய்ந்த கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இணை சேரவும் குட்டி போடவும் இந்தக் கடலுக்கு இறங்கி வருகின்றன. இங்கே இருக்கும் வாரங்களில் அவை பெரும்பாலும் எதையும் தின்பதில்லை; வடக்கில் சேர்த்த கொழுப்பிலேயே காலம் தள்ளுகின்றன. பிரசவத்துக்கு வந்த இடத்தில் பட்டினி கிடக்கும் பெண் இவளாகத்தான் இருக்க வேண்டும்.

நான் போன அன்று படகோட்டி எஞ்சினை அடக்கிவிட்டு, பேசாமலிருக்கும்படி கையைக் காட்டினார். முதலில் கேட்டது மூச்சு. பிரஷர் குக்கரின் ஆவியை மொத்தமாகத் திறந்துவிட்டதுபோல ஒரு நீண்ட சீறல்; காற்று எங்கள் பக்கம் வீசியதால் கண்ணாடியில் மெல்லிய சாரல். பிறகு கறுத்த முதுகு வளைந்தது, இன்னும் வளைந்தது, எங்கே முடியும் என்று நினைக்கும்போது வால் எழுந்து நின்றது. வாலின் அடிப்புறத்தில் இருக்கும் வெள்ளைத் திட்டுகள் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. கைரேகைபோல அவற்றை வைத்தே ஆராய்ச்சியாளர்கள் ஆளை அடையாளம் காண்கிறார்கள். ஒரு திமிங்கிலக் கூட்டத்தின் அருகே ஒரே நேரத்தில் மூன்று படகுகளுக்கு மேல் நிற்கக் கூடாது, அரை மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது என்பது விதி. மூன்றாவது படகு கிளம்பட்டும் என்று நான்காவது படகு தள்ளி நின்று உறுமிக்கொண்டிருந்ததையும் சொல்லத்தான் வேண்டும். அத்தானுக்கு அந்த உறுமல் ஆகாது.

சமானா வளைகுடாவின் எதிர்க்கரையில் இருக்கும் லோஸ் ஹைத்திசெஸ் தேசியப் பூங்காவுக்கும் சமானாவிலிருந்து படகில்தான் போக வேண்டும். சுண்ணாம்புக்கல் குன்றுகள் கவிழ்த்துவைத்த குடங்களைப்போலத் தண்ணீரில் நிற்கின்றன. அவற்றுக்கிடையே அலையாத்திக் காடு. குகைச் சுவர்களில் தீவின் பூர்வகுடிகளான தாயினோ மக்கள் வரைந்த ஓவியங்கள். ரிட்ஜ்வே பருந்து என்ற பறவை இந்தத் தீவுக்கே உரியது. அழிவின் விளிம்பில் இருக்கும் அதற்கு இந்தப் பூங்காதான் முக்கியப் புகலிடம். இதைச் சொன்னதும் அத்தான் படகை மன்னிக்கத் தயாரானார்.

சமானாவில் அமைதி எங்கே என்றால், கிழக்கு நுனியில் இருக்கும் லாஸ் கலேராஸில். சாலை அங்கே கடலில் முட்டி முடிந்துவிடுகிறது. அங்கிருந்து ரின்கோன் கடற்கரைக்கு வண்டியிலோ படகிலோ போகலாம். மறுகோடியில் இருக்கும் லாஸ் தெரேனாஸ் உணவகமும் கடையுமாக வளர்ந்த ஊர்; அமைதி தேடுகிறவர்கள் அதைத் தவிர்க்கலாம். ஆனால் டொமினிகன் அமைதி என்பது நம் ஊர்த் திருவிழாவுக்கு முந்தைய நாள் அமைதி. சனிக்கிழமை மாலையானால் மூலைக்கடை ஒலிபெருக்கி தொடங்கிவிடும். எல் லிமோன் அருவிக்குக் குதிரையில் ஏற்றிவிடுவார்கள். பாதை சேறும் கல்லும் வேருமாக இருக்கிறது. முழங்கால் வலிக்குக் குதிரை தீர்வு என்று அக்கா நினைத்தார். இறக்கத்தில் குதிரை வழுக்கும்போது வலி முழங்காலோடு நிற்காது என்று நான் சொல்லிவைத்தேன்.

பெலீஸ் நாட்டின் தெற்கே உள்ள பிளசென்சியா முற்றிலும் வேறு அமைப்பு. மலை கிடையாது. ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மணல் நாடா. ஒரு பக்கம் கரீபியக் கடல், மறுபக்கம் கடற்கழி. கிராமத்தின் முதன்மைத் தெருவே ஒரு சிமெண்ட் நடைபாதைதான். எதிரே வருகிறவருக்கு வழிவிடத் தோளைத் திருப்ப வேண்டும். வண்டி நுழைய வழியே இல்லை. அந்தப் பாதை அக்காவுக்கு மிகவும் பிடிக்கும்: சமதளம், இரண்டு பக்கமும் மரவீடுகள், எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், பிளசென்சியாவில் இருக்கும் இயற்கையில் பெரும்பகுதி பிளசென்சியாவில் இல்லை. பவளப்பாறை வேண்டுமா, படகு. 1996இல் உலக மரபுச் சின்னமான பெலீஸ் பவளத்திட்டின் ஒரு பகுதியான லாஃபிங் பேர்ட் கே தீவு கரையிலிருந்து 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சிரிப்பொலி எழுப்பும் கடற்பறவைகள் கூடு கட்டிய இடம் என்பதால் அந்தப் பெயர். மனித நடமாட்டம் கூடியதும் அவை வேறிடம் பார்த்துப் போய்விட்டன. திமிங்கிலச் சுறா வேண்டுமா, இன்னும் தொலைவில் கிளாடன் ஸ்பிட் என்ற கடற்பகுதி. வசந்த மாதங்களில் பௌர்ணமியை ஒட்டி, பொழுது சாயும் நேரத்தில் அங்கே செப்பிலி வகை மீன்கள் பெருங்கூட்டமாக முட்டையிடுகின்றன. அந்த முட்டையைத் தின்னத் திமிங்கிலச் சுறா வருகிறது. நாள்காட்டியில் பௌர்ணமி பார்த்துப் பயணத் தேதி குறிக்கும் இடம் என்பதால் நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் ஆழ்கடல் மூழ்கல் தெரியாதவருக்கு அங்கே பார்க்கக் கிடைப்பது சொற்பம்.

நிலத்தில் பார்ப்பதென்றால் காக்ஸ்கோம் சரணாலயம். ஜாகுவார்களுக்காகவே 1980களில் ஒதுக்கப்பட்ட காடு. ஜாகுவாரைப் பார்ப்போம் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது. ஈரமண்ணில் கால்தடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். பறவைகளுக்குக் குறைவில்லை. ஒரே குறை, தீபகற்பத்தைவிட்டு வெளியே வந்து வண்டியில் போகவேண்டிய இடம் அது. அத்தான் நேரடியாகவே கேட்டார்: "அப்படியானால் அந்தக் காட்டுக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டால் என்ன?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிளசென்சியா நல்ல கட்டில், நல்ல திண்ணை. காட்சி வேறெங்கோ நடக்கிறது. போதாக்குறைக்கு 2016இல் அருகிலேயே ஹார்வெஸ்ட் கே என்ற சொகுசுக் கப்பல் துறை திறந்துவிட்டது. கப்பல் வரும் நாளில் சுற்றுலாப் படகுகளில் நெரிசல்தான். முன்பதிவு செய்வதற்கு முன் கப்பல் அட்டவணையைப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, மார்ட்டினிக் தீவின் அட்லாண்டிக் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் காரவெல். மூன்றில் மிகச் சிறியது, அதிகம் பேசப்படாதது. என் மனம் சாய்வதும் இதன் பக்கம்தான். 1976 முதல் இதன் நுனி பாதுகாக்கப்பட்ட இயற்கைக் காப்பகம். உள்ளே போக இரண்டு நடைபாதைகள்: சிறியது ஒன்றரை மணி நேரம், பெரியது மூன்று மணி நேரத்துக்கு மேல். படகு தேவையில்லை, வழிகாட்டி தேவையில்லை, குதிரையும் தேவையில்லை. துபுக் குடும்பத்தின் பழைய தோட்ட மாளிகை இடிபாட்டின் அருகில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான். அடிமைகளின் உழைப்பில் சர்க்கரையும் காப்பியும் விளைந்த இடம் அது. சுவர்கள் மட்டும் நிற்கின்றன. ஒரே நடையில் அலையாத்திக் காடு, வறண்ட காடு, புல்வெளி, அட்லாண்டிக் மோதும் செங்குத்துப் பாறை எல்லாம் வந்துவிடுகின்றன. நடுவே குன்றின் மேல் கலங்கரை விளக்கம்.

இங்கேதான் அத்தானுக்கான பறவை இருக்கிறது. வெண்மார்பு திராஷர் என்று சொல்கிறார்கள். உலகத்தில் மார்ட்டினிக், செயிண்ட் லூசியா என்ற இரண்டு தீவுகளில் மட்டும் வாழும் பறவை. மார்ட்டினிக்கில் அதன் வீடு இந்தத் தீபகற்பம். மேலே பழுப்பு, நெஞ்சில் வெளுத்த சட்டை. தரையில் சருகைப் புரட்டி இரை தேடும். ஆகவே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தால் தவறவிடுவீர்கள். சருகுச் சத்தம் கேட்டதும் நின்றுவிட வேண்டும். கூட்டமாகப் பேசிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்தப் பறவை கிடையாது.

கடலோரத்தில் சில மரங்களின் அடியில் சிவப்பு வளையம் தீட்டியிருப்பார்கள். மஞ்சினீல் மரம். சின்னப் பச்சை ஆப்பிள்போலக் காய் உதிர்ந்து கிடக்கும். வாசனையும் நன்றாகவே இருக்கும். கடித்தால் வாயும் தொண்டையும் புண்ணாகும். மழைக்கு அதன் கீழ் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே தோலைக் கொப்பளிக்க வைக்கும். பிச்சாவரத்தில் தில்லை மரத்தின் பாலைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இது புரியும். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். பாதையை விட்டு விலகக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், மார்ட்டினிக்கில் மட்டுமே வாழும் ஒரு நச்சு விரியன்.

காரவெல்லைக் கெடுக்கும் ஒன்று உண்டு: சர்காசம் என்னும் கடற்பாசி. 2011 முதல் அட்லாண்டிக்கிலிருந்து பொதி பொதியாக வந்து ஒதுங்குகிறது. அழுகினால் முட்டை அழுகிய நாற்றம். ஒரு ஏப்ரலில் தர்தான் என்ற மீனவக் கிராமத்தில் கடல் பார்த்த அறை எடுத்து, இரண்டு இரவும் கடல் பக்கத்து ஜன்னலை அடைத்துவைத்துப் படுத்தேன். ஜனவரி, பிப்ரவரியில் போனால் பெரும்பாலும் தப்பலாம்.

பணக் கணக்கில் சமானாதான் மலிவு. பெலீஸில் அறையைவிடப் படகுக்குத்தான் அதிகம் போகும். மார்ட்டினிக்கில் எல்லாம் யூரோ, வாடகைக் கார் இல்லாமல் நகர முடியாது. ஆனால் அங்கே முக்கியமான காட்சிக்குக் கட்டணமே இல்லை. ஒரு எச்சரிக்கை: மார்ட்டினிக் பிரான்ஸின் மண் என்றாலும், ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கன் எல்லைக்குள் வராது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சாதாரண ஷெங்கன் விசாவோடு போய் நின்றால் சிக்கல். கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்குச் செல்லும் என்ற குறிப்போடு விசா கேட்க வேண்டும்.

சாப்பாட்டில் சைவர்களுக்கு மூன்றுமே சோதனைதான். சமானாவில் துவரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த சோறு கிடைக்கும்; இறைச்சி சேர்க்காமல் கேட்டு வாங்கினால் வீட்டு ஞாபகம் வரும். பெலீஸில் பீன்ஸ் சோறு. மார்ட்டினிக்கில் 'கொலம்போ' என்ற குழம்பைப் பார்த்து வியக்க வேண்டாம். 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம்மவர்கள் கொண்டுபோன மசாலா அது. காரவெல்லிலிருந்து அதே கரையோரமாக வடக்கே போனால் பாஸ்-புவாந்த் வட்டாரத்தில் அவர்கள் கட்டிய கோயில்கள் இருக்கின்றன. மாரியம்மன் அங்கே 'மரியேமன்', மதுரை வீரன் 'மால்தேவிலன்'. மொழி போய்விட்டது, பெயர் தேய்ந்து நிற்கிறது. அத்தானுக்குப் பறவை, அக்காவுக்குக் கோயில் என்று இந்த இடத்தில் நான் வழக்கை முடித்துவிடப் பார்த்தேன்.

அக்கா மசியவில்லை. மூன்று மணி நேரம் வெயிலில் நடந்து ஒரு பழுப்புக் குருவியைப் பார்ப்பதா, உட்கார்ந்த இடத்தில் திமிங்கிலத்தைப் பார்ப்பதா என்று அவர் கேட்டபோது, அவருடைய முழங்காலின் தரப்பு நியாயமாகத்தான் பட்டது. நடக்க முடிகிறவர்களிடம் காரவெல்லைத்தான் சொல்வேன், தயக்கமே இல்லை. கடலுக்கடியில் இறங்கத் தெரிந்தவர்களுக்குப் பிளசென்சியா. இவர்களுக்குப் பிப்ரவரி இரண்டாம் வாரம் லாஸ் கலேராஸில் அறை போட்டாயிற்று. அத்தான் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: ஏழு நாளில் நான்கு நாள் படகு கிடையாது, சனிக்கிழமை மூலைக்கடைப் பக்கம் அறை கிடையாது. அது இரண்டு நிபந்தனை என்று அக்கா திருத்தினார்.